திமிங்கலம் எதுவும் காணப்படவில்லை

செய்தி, தேர்தல், பேய்ப்படம். இந்த மூன்றைப் பற்றியும் இனி என்னிடம் யாரும் வாய் திறக்கக் கூடாது. திறந்தால் எழுந்து போய்விடுவேன், பிறகு மரியாதை தெரியாதவன் என்று சொல்லக் கூடாது. மூன்றும் ஒரே நாளில், ஒரே கட்டடத்தில், என் தலைமேலேயே நடந்து முடிந்தன. பட்டது போதும்.

கட்டடம் என்றது நான் மேலாளராக இருக்கும் தியேட்டரை. மேலாளர் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். டிக்கெட் கிழிப்பவன் நான், படம் ஓட்டுபவன் நான், கழிவறைக் குழாய் ஒழுகினால் துணி சுற்றுபவனும் நான். நல்ல படமெல்லாம் நகரும் படிக்கட்டு வைத்த புதுத் தியேட்டர்களுக்குப் போய்விடும். மிஞ்சுவது எங்களுக்கு. மிஞ்சுவது எப்போதும் பேய்ப்படம். பல வருடமாக வாரத்துக்கு ஒரு பேயோடு குடித்தனம் நடத்துகிறேன். பேய்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவற்றிடம் ஒரு முறை உண்டு. முதலில் விளக்கு மினுங்கும், நாய் குரைக்கும், அப்புறம்தான் வரும். இப்படிச் சொல்லிவிட்டு வருகிறவர்களிடம் எனக்குப் பயமே கிடையாது. சொல்லாமல் வருகிறவர்கள் அரசு அலுவலர்கள்தான்.

இந்தக் கதை அக்காவிடமிருந்து தொடங்குகிறது. அக்கா எங்கள் தியேட்டர் இருக்கும் அதே தெருவில் தையல் கடை வைத்திருக்கிறாள். மாமாவுக்கு, அதாவது அவள் புருஷனுக்கு, பக்கவாதம் வந்து இடது கால் இழுத்துக்கொண்டது. பேச்சும் பாதிதான் வருகிறது. மருத்துவமனையில் வாரம் தவறாமல் காலுக்குப் பயிற்சி கொடுத்தால் நடந்துவிடுவார், விட்டால் கால் அப்படியே இறுகிவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். முன்பு கவலை இல்லை, வீட்டுக்குப் பக்கத்திலேயே பேருந்து நிற்கும். ஆனால் எங்கள் நகரமன்ற உறுப்பினர் தெருமுனையில் ஒரு கார் விற்கும் கடை திறந்தார். கடை வாசலில் பேருந்து நின்றால் கண்ணாடிக்குள் இருக்கும் கார் தெரியவில்லையாம். பேருந்தையே மேம்பாலத்துக்கு அந்தப் பக்கம் திருப்பிவிட்டார். அவ்வளவு தூரம் மாமாவால் நடக்க முடியாது. வாடகை வண்டி பிடித்தால் அக்கா தைப்பதெல்லாம் வண்டிக்கே போகும். ஒரு வாரம் போவார், மூன்று வாரம் போகமாட்டார். கால் இறுக ஆரம்பித்தது.

அக்கா மனு கொடுத்தாள். போக்குவரத்து அலுவலகத்தில், "இது உறுப்பினர் முடிவும்மா" என்றார்கள். உறுப்பினரிடம் போனாள். "இது போக்குவரத்து முடிவும்மா" என்றார். இரண்டு பேருக்கும் நடுவில் நடந்து நடந்து அக்காவுக்குச் செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம்.

"முடிவெடுக்கிறது உறுப்பினர்தானே? அப்போ நானே உறுப்பினர் ஆயிடறேன்" என்றாள் ஒரு நாள், ஊசியில் நூல் கோத்துக்கொண்டே.

"அக்கா, உனக்கென்ன பைத்தியமா?"

"ஆமாடா. நீ மட்டும் எனக்கு ஓட்டுப் போடு, போதும்."

நகரமன்றத் தேர்தலுக்கு மனுப்போட்டு, தையல் இயந்திரத்தைச் சின்னமாகக் கேட்டாள். அது பட்டியலில் இல்லை என்று கதவைக் கொடுத்தார்கள். அக்காவுக்கு அதிலும் சந்தோஷம். "கதவு நல்லதுதான்டா. பஸ்ஸுக்கும் கதவு இருக்குல்ல" என்றாள். தெருவில் வயசானவர்கள், முட்டிவலிக்காரர்கள், வயிற்றுப் பிள்ளைக்காரிகள், கைக்குழந்தைக்காரிகள் எல்லாரும் அவள் பக்கம். எண்ணிப் பார்த்தால் ஜெயித்துவிடுவாள் போலிருந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. நம் குடும்பத்தில் யாருக்கும் நல்லது அவ்வளவு சுலபத்தில் நடந்ததில்லை.

உறுப்பினருடைய சின்னம் திமிங்கலம். ஏன் திமிங்கலம் என்று கேட்காதீர்கள். எங்கள் ஊரில் கடலே கிடையாது.

எங்கள் தியேட்டரை வாக்குச்சாவடியாக எடுத்துக்கொண்டார்கள். வாக்குப்பதிவுக்கு முதல் நாள் காலையில், இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையில் ஒல்லியாக ஒருவர் வந்து நின்றார். பின்னால் ஒரு காவலர், தலையில் வெள்ளைத்துணி மூட்டையோடு.

"நான் சின்ன மறைப்பு அலுவலர்" என்றார் ஒல்லியானவர்.

"என்ன மறைப்பு சார்?"

"வாக்குச்சாவடியில எந்த வேட்பாளரோட சின்னமும் வாக்காளர் கண்ணுல படக்கூடாது. பட்டா மனசு மாறிடும். ஜனங்களுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கிறதுதான் தேர்தல்ல பெரிய சிக்கல்."

"சுவத்துல யாரும் எதுவும் வரையலியே சார்."

"வரைஞ்சிருந்தா நிம்மதி, அழிச்சிடுவேன். வரையாம இருக்கு பாருங்க, அதுதான் ஆபத்து." சுற்றிப் பார்த்தவர் திடுக்கிட்டு நின்றார். "இது என்ன?"

"நாற்காலி சார். நான் உக்கார்றது."

"ஒரு சுயேச்சையோட சின்னத்த இவ்வளவு வெட்டவெளிச்சமா போட்டு வெச்சிருக்கீங்க! உள்ள வேற இருக்கா?"

"தியேட்டர் சார். உள்ள முழுக்க நாற்காலிதான்."

அவர் அரங்கத்துக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். வரிசை வரிசையாக நாற்காலிகள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "ஒரு சுயேச்சைக்கு இவ்வளவு பெரிய பிரசாரத்த என் சர்வீஸ்லயே பாத்ததில்ல" என்றார்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இவர் கண்ணுக்கு வெளிச்சத்தில் இருப்பதும் பேய். ஒரு சுயேச்சைக்கு நாற்காலி, ஒருவருக்குக் கைத்தடி, ஒருவருக்கு மூக்குக்கண்ணாடி, ஒருவருக்குச் சீப்பு. என் சட்டைப் பையில் இருந்த சீப்பை அவரே எடுத்து உறையில் போட்டு முத்திரை வைத்தார். தலை வாரிக்கொள்ளவும் கூடாதா என்றேன். வாரின தலையைப் பார்த்தால் சீப்பு ஞாபகம் வரும், கலைத்துவிட்டுக்கொள்ளுங்கள் என்றார். கலைத்துக்கொண்டேன். அரசாங்கத்தோடு தலைமுடிக்காக மல்லுக்கு நிற்க முடியுமா?

நாற்காலி ஒவ்வொன்றுக்கும் வெள்ளைத்துணி போர்த்திக் கட்டினார்கள். பாதி அரங்கத்தில் துணி தீர்ந்துபோயிற்று. அலுவலர் நிமிர்ந்து பார்த்தார். எதிரே அகலமாக, வெள்ளையாக, எங்கள் திரை.

"சார், அது படம் ஓடுற திரை சார்!"

"நாளைக்குப் படம் இல்லையே."

"நாளான்னைக்கு இருக்கே சார்!"

"நாளான்னைக்குத் தேர்தல் இல்லையே" என்றார், எனக்கு ஆறுதல் சொல்கிற குரலில். காவலர் மேலே ஏறித் திரையை இறக்கினார். துண்டு துண்டாக வெட்டினார்கள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்று அம்மா சொல்வாள். இங்கே பூசாரி சாமியையே வெட்டிப் போர்த்திவிட்டார்.

அடுத்து கதவு.

"இது யாருது?" என்றார்.

"தியேட்டரோடது சார்."

"ஒரு வேட்பாளரோடதும்தான். திறந்து வெச்சா, வாங்க, எனக்குப் போடுங்கன்னு கூப்பிடற மாதிரி. ஆதரவுப் பிரசாரம். மூடி வெச்சா, இவங்களுக்குப் போடாதீங்கன்னு விரட்டற மாதிரி. எதிர்ப்புப் பிரசாரம். ரெண்டும் தப்பு."

"பாதி திறந்து வெச்சா?"

"ஊசலாட்டம். அது இன்னும் தப்பு. இந்தக் கட்டடத்துல கதவுன்னு ஒண்ணு இருந்ததே தெரியக்கூடாது."

முன்வாசல், பக்கவாசல், அவசர வழி, கழிவறை எல்லாக் கதவுக்கும் வெளியே துணி போர்த்தி, மேலே பலகை வைத்து ஆணி அடித்தார்கள்.

"சரி சார். ஜனங்க உள்ள எப்படி வருவாங்க?"

அவர் முதன்முறையாக யோசித்தார். மேலிடத்துக்குப் போன் போட்டார். நீண்ட நேரம் "ஆமாங்கய்யா" சொன்னார். பிறகு தியேட்டரைச் சுற்றி நடந்து, பக்கச் சுவரில் என் நெஞ்சு உயரத்தில் இருந்த ஜன்னலைத் தட்டிக் காட்டினார். "ஜன்னல் யாருக்கும் சின்னம் இல்ல" என்றார் வெற்றியோடு.

நானும் சளைக்கவில்லை. அவரைத் தியேட்டர் முகப்புக்கு இழுத்துக்கொண்டு போனேன். அங்கே அந்த வாரப் படத்தின் விளம்பரம், கூரைக்கு மேலே நீட்டிக்கொண்டு நின்றது. தன்னைக் கொன்ற கப்பல்காரர்களைப் பழிவாங்க வரும் ஒரு திமிங்கலத்தின் ஆவி. கண் மட்டுமே என் டிக்கெட் அறை அளவு. தெருமுனையிலிருந்தே தெரியும்.

"இது என்ன சார்?" என்றேன்.

"நீங்க சொல்லுங்க. என்ன படம்?"

"பேய்ப்படம்."

"அப்போ இது பேய்."

"திமிங்கலத்தோட பேய் சார்!"

"செத்துப்போச்சா?"

"படம் ஆரம்பிச்சதுமே செத்துடும். ஆனா..."

"செத்தது திமிங்கலம் ஆகாதுங்க. நீங்க செத்தா உங்களுக்கு ஓட்டு உண்டா? இல்லல்ல? அதே சட்டம்தான். பேய யாருக்கும் சின்னமா ஒதுக்கல." காவலரைப் பார்த்துத் தன் அறிக்கையைச் சொல்லி எழுதவைத்தார். "வளாகம் முழுவதும் சோதிக்கப்பட்டது. திமிங்கலம் எதுவும் காணப்படவில்லை."

"அது உறுப்பினரோட சின்னம் சார்! ஊருக்கே தெரியும்!"

"நீங்க கதவு வேட்பாளருக்குத் தம்பிதானே?"

"ஆமா."

"பாருங்க. உங்க கண்ணுக்குத்தான் திமிங்கலம் தெரியுது."

காவலர் மட்டும் போகும்போது என் காதருகில், "எனக்கும் தெரியுதுங்க, ஆனா எனக்குப் பிள்ளைக்குட்டி இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் வாக்குப்பதிவு. ஜன்னலுக்குக் கீழே நாற்காலி போடலாம் என்றேன், சின்னம். கடைசியில் அந்தக் காவலரையே குனிந்து மண்டியிடச் சொன்னார்கள். காவலர் எந்த வேட்பாளருக்கும் சின்னம் இல்லை என்று அலுவலர் பட்டியலைப் பார்த்து உறுதி செய்தார். ஜனங்கள் அவர் முதுகில் ஏறி, ஜன்னல் வழியாகக் குதித்து, ஜனநாயகக் கடமைக்குப் போனார்கள். வாலிபர்கள் தாவிப் போனார்கள். கார்க்கடை ஆட்கள் கூட்டமாக வந்து தாவினார்கள். கண்ணாடி போட்டவர்களிடம் வாசலிலேயே கண்ணாடியை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அவர்கள் தட்டுத்தடுமாறிப் போய் எதன்மேலோ முத்திரை குத்திவிட்டு, நல்லவருக்குத்தான் போட்டிருப்போம் என்ற நம்பிக்கையோடு திரும்பினார்கள்.

"வாக்குச்சீட்டுல சின்னம் இருக்கே சார், அத மட்டும் பாக்கலாமா?" என்று ஒருவர் கேட்டார்.

"அதுதான் இந்த அமைப்புல இருக்கிற ஒரே ஓட்டை. அடுத்த தேர்தலுக்குள்ள அடைச்சிடுவோம்" என்றார் அலுவலர்.

அப்போதுதான் உள்ளே அந்த அலறல். ஜன்னலில் இறங்கிய ஒரு பெண்மணி, இருட்டில் வரிசை வரிசையாக வெள்ளைத்துணி போர்த்திய உருவங்கள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டாள். என் தியேட்டரில் எத்தனையோ படத்துக்கு ஜனங்கள் அலறியிருக்கிறார்கள், இப்படி ஒரு சத்தம் கேட்டதில்லை. கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி, தெருவில் ஏதாவது செய்தி கிடைக்காதா என்று திரிந்துகொண்டிருந்த தொலைக்காட்சிச் சேனல்காரி மைக்கோடு ஓடிவந்தாள்.

எனக்கு உயிர் வந்தது. இவளிடம் சொன்னால் ஊருக்குத் தெரியும். "மேடம், நல்ல நேரத்துல வந்தீங்க. இங்க பாருங்க, கதவெல்லாம் மூடிட்டாங்க!"

"கதவு தானா மூடிக்கிச்சா?" என்றாள் கண்கள் விரிய.

"தானா இல்ல மேடம், ஆணி அடிச்சு..."

"ஆணி அடிக்கிற சத்தம் கேட்டுச்சா? ராத்திரியிலயா?"

"காலையில மேடம்! அலுவலர் ஒருத்தர் வந்து..."

"அவர் இப்போ உயிரோட இருக்காரா?"

உடனே டிக்கெட் அறைத் தொலைக்காட்சியில் சிவப்புப் பட்டை ஓட ஆரம்பித்தது. 'வாக்குச்சாவடியில் வெள்ளை உருவங்கள். தானாக மூடிய கதவுகள். மேலாளர் கண்ணீர்.' என் முகத்தைக் கலைந்த தலையோடு காட்டினார்கள். பார்க்க எனக்கே பயமாக இருந்தது. அதைப் பார்த்துப் பக்கத்து வார்டுக்காரர்கள் எல்லாம் பேய் பார்க்க வந்துவிட்டார்கள். கதவைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

இந்தக் கூத்துக்கு நடுவில் அக்கா மாமாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். இஸ்திரி போட்ட சட்டை. அக்காதான் சவரம் செய்துவிட்டிருக்கிறாள், தாடையில் ஒரு சிறு கீறல். மாமா வீட்டிலிருந்து தியேட்டர் வரைக்கும் கைத்தடி ஊன்றி நடந்தே வந்திருக்கிறார். முகமெல்லாம் வியர்வை, ஆனாலும் மனைவிக்கு ஓட்டுப் போடப் போகிற சந்தோஷம் தெரிந்தது. வாசலில் கைத்தடியை வாங்கி வைத்துக்கொண்டார்கள். சின்னம்.

மாமா தடுமாறினார். அக்கா பிடித்தாள்.

"வேட்பாளர் வாக்காளரத் தொடக்கூடாது" என்றார் அலுவலர்.

"இவரு என் புருஷன் சார்."

"அது வீட்ல. இங்க வாக்காளர்."

நான் பிடித்துக்கொண்டேன். காவலர் மண்டியிட்டபடியே நிமிர்ந்து, "மெதுவா ஏறுங்கய்யா, நான் அசையமாட்டேன்" என்றார். மாமா வலது காலை அவர் முதுகில் வைத்தார். இடது கால் வரவில்லை. இரண்டு கையாலும் தொடையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். வரவில்லை. நான் இடுப்பைப் பிடித்துத் தூக்கினேன், ஜன்னல் விளிம்பு வரை போய் நழுவினார். சட்டை சுவரில் உரசிக் கிழிந்தது.

"விடு... மாப்ள" என்றார் மூச்சு வாங்க. "முடி...யல."

திரும்பிப் பார்த்தேன். மாமாவுக்குப் பின்னால் ஒரு வரிசை நின்றது. முட்டிவலிக்காரர்கள், கைக்குழந்தைக்காரிகள், ஒரு நிறைமாத வயிற்றுக்காரி. பேருந்து வேண்டும் என்று அக்காவுக்குக் கை தூக்கியவர்கள் அத்தனை பேரும் அந்த ஜன்னலுக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். தாவிக் குதிக்க முடிந்தவர்கள் யாருக்கும் பேருந்து தேவையில்லை. தேவைப்பட்டவர்கள் யாராலும் குதிக்க முடியாது. அக்கா மாமாவின் சட்டைக் கிழிசலை விரலால் ஒட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதைப் பார்த்ததும் எனக்குத் தலைக்கு மேல் ஏறிவிட்டது.

ஜன்னலில் ஏறிக் குதித்தேன். அவசர வழிக் கதவை உள்ளேயிருந்து உதைத்தேன். பல வருடமாக எண்ணெய் போட்டுவந்த கதவு, என் கதவு. நாலாவது உதையில் பலகை பெயர்ந்தது, துணி கிழிந்தது, வெயில் உள்ளே விழுந்தது.

"வாங்க! எல்லாரும் நடந்து வாங்க!" என்று கத்தினேன்.

வந்தார்கள். மாமா என் தோளைப் பிடித்தபடி வந்தார். சீட்டை வாங்கினார். மறைப்புக்குப் பின்னால் போய் முத்திரையைக் கையில் எடுத்தார். அவர் கை மெதுவாகத்தான் வேலை செய்யும். குறி பார்த்துக் குனிந்தபோது விசில் சத்தம்.

"நிறுத்துங்க! கதவு தெரிஞ்சிடுச்சு!" அலுவலர் ஓடிவந்தார். "வாக்குப்பதிவு ரத்து! இவ்வளவு பேர் ஒரு வேட்பாளரோட சின்னத்துக்குள்ளயே பூந்து வந்திருக்காங்க!" மாமாவின் கையிலிருந்து சீட்டைப் பக்குவமாக வாங்கிக்கொண்டார்.

அன்று மாலை தொலைக்காட்சியில் நான்கு பேர் உட்கார்ந்து, பேய்க்கு வாக்குரிமை உண்டா என்று சண்டை போட்டார்கள். நடுவில் நம் அலுவலரையும் கூப்பிட்டார்கள். பேய்ப்படக் கொட்டகைக்காரன் ஒருவன் கதவை உடைத்தது பற்றிக் கேட்டார்கள்.

"வருத்தமான சம்பவம்" என்றார். "அதுவரைக்கும் ரொம்ப அமைதியா நடந்துச்சு. வயசானவங்க, நோயாளிங்க யாரும் உள்ள வந்து சிரமப்படாம பாத்துக்கிட்டோம். மக்கள் வராம இருந்தா தேர்தல் நடத்துறது ஒண்ணும் கஷ்டமே இல்லைங்க."

என் மேல் வழக்குப் போட்டார்கள். அது கிடக்கட்டும், தனிக்கதை.

மறுவாக்குப்பதிவு அடுத்த வாரம் என்று அறிவித்தார்கள். கதவே இல்லாத இடமாகத் தேடி, மேம்பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் விளையாட்டுத் திடலைப் பிடித்தார்கள். தூரம் அதிகம் என்று யாரோ எழுதிப்போட, மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. வாக்காளர்களுக்காக எங்கள் தெரு வழியாகச் சிறப்புப் பேருந்து விடப்படும்.

அக்காவுக்கு நம்ப முடியவில்லை. "பாத்தியாடா? ஜெயிக்கிறதுக்கு முன்னாடியே பஸ் வந்துடுச்சு" என்றாள். மாமாவின் கிழிந்த சட்டையைத் தைத்து, துவைத்து, இஸ்திரி போட்டாள். காலையிலேயே மாமாவைக் கொண்டுபோய்ப் பழைய நிறுத்தத்தில் நிற்க வைத்தோம். தெருவே அங்கே நின்றது. நிறைமாதக்காரி குழந்தை பெற்றுவிட்டிருந்தாள், அதையும் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள்.

பேருந்து வந்தது. உண்மையாகவே வந்தது. முனையில் திரும்பும்போது மாமா அக்காவின் கையை விட்டுவிட்டு, தானாக நின்று, வலது கையை உயர்த்தினார். பேருந்து மெதுவாக எங்களை நெருங்கியது. இருக்கைகளுக்கெல்லாம் வெள்ளைத்துணி போர்த்தியிருந்தார்கள். கதவுக்கும் துணி, சுற்றிலும் ஆணி. ஓட்டுநர் எங்களைப் பார்த்தார், பிறகு நேரே பார்த்துக்கொண்டார். பேருந்து எங்களைத் தாண்டிப் போய்விட்டது.

நான் பின்னாலேயே ஓடினேன். கார்க்கடையைத் தாண்டி, அடுத்த திருப்பத்தில் ஜீப்பில் நின்றிருந்த அலுவலரைப் பிடித்தேன். "ஏன் சார் நிக்கல?"

"எப்படிங்க நிக்கும்? இந்தத் தெருவுல பஸ் நிக்கணுங்கிறதுதான் உங்க அக்காவோட வாக்குறுதி. முடிவு வர்றதுக்கு முன்னாடி அரசாங்கமே அத நிறைவேத்தினா, அது ஒரு வேட்பாளருக்குப் பிரசாரம் இல்லையா? பஸ் விடச் சொல்லி உத்தரவு, விட்டுட்டோம். நிக்கச் சொல்லி உத்தரவு இல்ல." என் தோளைத் தட்டினார். "நீங்க படிச்சவர் மாதிரி இருக்கீங்க. யோசிச்சுப் பாருங்க."

யோசித்துப் பார்த்தேன். கெட்ட வார்த்தை மட்டும்தான் வந்தது.

அந்தப் பேருந்து சாயங்காலம் வரை எங்கள் தெருவைச் சுற்றிச் சுற்றி வந்தது. வரும்போதெல்லாம் மாமா கையை உயர்த்தினார். போதும், வாங்க என்று அக்கா இழுத்தும் வரவில்லை. நடக்க முடிந்த நாங்கள் சிலர் திடலுக்கு நடந்துபோய்ப் போட்டோம். உறுப்பினருடைய ஆட்கள் காரில் வந்து போட்டார்கள்.

அக்கா தோற்றாள். தோற்பாள் என்று அதற்குள் எங்களுக்குத் தெரிந்துபோயிருந்தது, அதனால் அழவில்லை. மாமாவுக்குச் சாப்பாடு பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தாள். நான் தொலைக்காட்சியைப் போட்டேன். போடாமல் இருந்திருக்கலாம். உறுப்பினர் மாலையோடு கார்க்கடை வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அதே சேனல்காரி.

"இந்தத் தெருவுக்கு பஸ் வேணும், பஸ் வேணும்னு ஒரு கூட்டம் கத்திக்கிட்டே இருந்துச்சு" என்றார் உறுப்பினர். "சரி, மக்கள் கேக்கறாங்களேன்னு நாள் முழுக்க விட்டுப் பாத்தாச்சு. அதிகாரிங்க அறிக்கை கொடுத்துட்டாங்க. காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் அந்த பஸ்ல ஒருத்தர், ஒரே ஒருத்தர் ஏறல. ஆள் ஏறாத தெருவுக்கு இனிமே எதுக்குங்க பஸ்? மக்கள் வரிப்பணம்ங்க அது. அதனால இந்தத் தடத்தையே நிரந்தரமா ரத்து பண்ணச் சொல்லி இன்னைக்கே கையெழுத்துப் போட்டுட்டேன்."

கைதட்டினார்கள். அக்காவின் கை தட்டுக்கும் வாய்க்கும் நடுவில் நின்றுவிட்டது.

மாமா தொலைக்காட்சியையே பார்த்துக்கொண்டிருந்தார். வாயில் இருந்த சோற்றை மெதுவாக விழுங்கினார். பிறகு அக்கா பக்கம் திரும்பி, ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துக் கேட்டார்.

"நான்... கை... காட்டினேன்ல?"

"காட்டினீங்க" என்றாள் அக்கா.